மருதாசலம் பார்க்காத பந்தயம்

மருதாசலம் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இருந்த இருபத்திரண்டு பந்தயக் கார்களும் கீழே இறங்கி ஓட ஆரம்பித்தது ஒரு ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலே முக்காலுக்கு. அந்த நேரத்தில் மருதாசலம் வீதி முனை பேக்கரியில் நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி துளசிமணி ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை அளவே உள்ள அந்தக் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக அலமாரியிலிருந்து டிவி ஸ்டாண்டுக்கு இறங்கி, டிவி ஸ்டாண்டிலிருந்து தரைக்கு இறங்கி, சுவரோரமாகச் சமையலறைக்குள் புகுந்து, கிரைண்டரை ஒரு வளைப்பு வளைத்து, சாமி அறை வாசலைக் கடந்து, செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் நுழைந்து மறுபடி ஹாலுக்கு வந்தபோது, துளசிமணி காலை மடக்கி வழிவிட்டாள். இரண்டாம் சுற்றில் பீன்ஸ் தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். மூன்றாம் சுற்றுக்குள் எந்த வண்டி கெட்டிக்காரத்தனமாக ஓடுகிறது, எது வெறும் சத்தம் மட்டும் போடுகிறது என்பதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

பன்னிரண்டு சுற்று ஓடி முடித்து, வந்த வழியே ஏறி, அவை தங்கள் இடத்தில் போய் நின்று கொஞ்ச நேரம் கழித்து மருதாசலம் தேங்காய் பன் பொட்டலத்தோடு வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க, உங்க காரெல்லாம் இன்னிக்கு ஓடுச்சுங்க," என்றாள் துளசிமணி. "அந்தப் பச்சை வண்டி மட்டும் கிரைண்டர்கிட்டத் திரும்பறப்ப செவுத்துல ஒரசுது. பாத்துக்குங்க."

மருதாசலம் பம்ப் கம்பெனி ஒன்றில் இருபத்தெட்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தலைமுடி கனத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலும் மோட்டாரைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அவரைப் பற்றிக் கம்பெனியில் பேச்சு உண்டு. கார்களைச் சேர்க்க ஆரம்பித்து முப்பத்தொரு வருடம், பழைய கைக்கடிகாரங்களைச் சேர்க்க ஆரம்பித்தும் ஏறக்குறைய அவ்வளவே. வெள்ளைப் பருத்திக் கையுறை போடாமல் ஒன்றையும் தொடமாட்டார். தூசி தட்டுவதற்குக் கல்யாண மேக்கப் செய்பவர்கள் வைத்திருப்பது போன்ற மெல்லிய பிரஷ் ஒன்று வைத்திருந்தார். கடிகாரங்களுக்குச் சாவி கொடுப்பதே கிடையாது, கொடுத்தால் உள்ளே தேயும். விளம்பரப் படங்களில் இருப்பதுபோல எல்லாவற்றையும் பத்து பத்தில் நிறுத்தி, ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் ஒன்றாக இருபத்திரண்டு கடிகாரத்தைச் சாய்த்து வைத்திருந்தார். காரும் கடிகாரமும் வந்த அட்டைப் பெட்டிகள் தனி. டப்பா இல்லாத கார் பாதிக் கார் என்பது சேகரிக்கிறவர்களுக்குள் வேதவாக்கு. அந்த டப்பாக்களைப் பாலிதீன் உறையில் போட்டு, கற்பூரம் வைத்து, பரணில் அடுக்கியிருந்தார். கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் துளசிமணி ஒரு சிவப்புக் காரை முந்தானையால் துடைத்துவிட்டு வாங்கிய திட்டு அவளுக்கு இன்னும் மறக்கவில்லை.

ஆகவே அன்றைக்கு அவர் முதலில் பார்த்தது பச்சைக் காரைத்தான். வலது பக்கம் நகக்கீறல் அளவுக்குப் பெயிண்ட் போயிருந்தது, அதில் சமையலறைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது. பிறகு கடிகாரங்களைப் பார்த்தார். முப்பது வருடமாகப் பத்து பத்தில் நின்றவை ஒவ்வொன்றும் இப்போது பத்து பதினேழைத் தாண்டி நின்றன; ஒன்றுக்கொன்று சில நொடி வித்தியாசம், எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. கார் ஓடியதில் அவருக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஓடுவதற்காகத்தானே காரைச் செய்கிறான். தான் டீ குடிக்கப் போன நேரமாகப் பார்த்து ஓடியிருக்கிறதே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மூன்று மணிக்கே நாற்காலியைப் போட்டு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்தார். நாலே முக்கால் ஆயிற்று, ஐந்தாயிற்று, ஆறாயிற்று. ஒரு சக்கரமும் அசையவில்லை. அதற்கடுத்த நாள் ரேஷன் கடையில் கைரேகை வைக்க அவரையே வரச்சொல்லியிருந்தார்கள். அவர் வீதி முனை திரும்பியதுதான் தாமதம், கார்கள் இறங்கிவிட்டன.

இப்படித்தான் அந்த விதி எல்லோருக்கும் தெரிந்தது. மருதாசலம் வீட்டில் இருந்தால் கார் ஓடாது. கேட்டுக்கு வெளியே நின்றால் ஓடாது. வீதி முனை பேக்கரி வரைக்குமாவது அவர் போயாக வேண்டும். அவர் விடுவாரா? தன் வீட்டுப் பீரோவுக்குள் உட்கார்ந்து சாவித்துவாரம் வழியாகப் பார்த்தார், ஓடவில்லை. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் படுத்து ஜன்னலுக்கு நேராகக் கண்ணாடி ஒன்றைச் சாய்த்து அதில் பார்த்தார், ஓடவில்லை. கேஸ் சிலிண்டர் போடுகிறவரின் காக்கிச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டு, காலிச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு தன் வீட்டுக்குள் தானே வந்தார், சிலிண்டர்தான் காலில் விழுந்தது. கடைசியில் ஹாலில் கேமரா பொருத்தினார். சாயங்காலம் பதிவைப் போட்டபோது அவருக்குப் பின்னால் நின்ற பத்துப் பேரும் "அந்தா போகுது, அந்தா போகுது" என்று கத்தினார்கள். மருதாசலம் பார்த்த திரையில் கார்கள் அலமாரியில் அப்படியே நின்றிருந்தன, ஓரத்தில் துளசிமணி மட்டும் யாரையோ கைதட்டி உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தாள்.

வீதி இதை எடுத்துக்கொண்ட விதம் இருக்கிறதே, அதுதான் அவர் வயிற்றை எரித்தது. முதல் வாரம் எதிர்வீட்டுக்காரர்கள் வந்தார்கள். இரண்டாம் வாரம் இஸ்திரி வண்டி ராக்கியப்பன், தேய்க்கிற பெட்டியில் கரியை அணைத்துவிட்டு வந்தவன், ஜன்னல் திண்டில் ஏறி நின்று வீதியில் நிற்பவர்களுக்காக உரக்கச் சொல்ல ஆரம்பித்தான். மூன்றாம் வாரம் வீதிக்குத் தண்ணீர் விடுகிற நேரத்தை நாலு மணிக்கு மாற்றினார்கள். யோகா வகுப்பு ஐந்தரைக்குப் போனது. பெருமாள் கோயிலில் சாயரட்சைக்கு ஆள் வரவில்லை என்று பட்டர் முதலில் கோபித்துக்கொண்டார், பிறகு அவரும் வந்து சாமி அறைப் பக்கமாக ஒரு நல்ல இடம் பிடித்துக்கொண்டார். கிரைண்டர் வளைவு, செருப்புச் சுரங்கம், சாமி நேர்பாதை என்று இடங்களுக்குப் பெயர் விழுந்தது. துளசிமணி நடுவர். கோடு போட்ட நோட்டு ஒன்றில் எந்த வண்டி எங்கே முந்தியது, எது யாரை இடித்தது என்று எழுதுவாள். அவள் எழுதிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. முப்பது வருடம் அந்த அலமாரிப் பக்கம் விளக்குமாறைக்கூடக் கொண்டுபோகப் பயந்தவள், இப்போது சாயங்காலமானால் தலைக்குப் பூ வைத்து, நல்ல சேலை கட்டி, நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்திருப்பதையும் மருதாசலம் நேரில் பார்த்ததில்லை, கேமராவில் பார்த்ததோடு சரி.

பேக்கரியில் நிற்கும்போது எல்லாம் காதில் விழும். ஆரம்பிக்கும்போது ஒரு சத்தம், பிறகு கொஞ்சம் அமைதி, எட்டாவது சுற்று வாக்கில் யாரோ யாரையோ முந்தும்போது கிளம்பும் ஒரு பெரும் இரைச்சல். கையில் டீ கிளாஸைப் பிடித்தபடி, ஆடை கட்டும் வரைக்கும் குடிக்காமல், கழுத்தை வீதிப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிற்பார். முடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து முதலில் அகப்படுகிறவரைப் பிடிப்பார்.

"எப்படிடா ஓடுச்சு?"

"சூப்பரா ஓடுச்சுங்ணா," என்பான் ராக்கியப்பன்.

"சூப்பர்னா என்னடா? கிரைண்டர்கிட்டத் திரும்பறப்ப வெளியே இருந்து உள்ள வந்து திரும்புதா, உள்ளயே ஒட்டித் திரும்புதா? பின் சக்கரம் வழுக்குதா?"

ராக்கியப்பன் யோசிப்பான். "வேகமாத் திரும்புதுங்ணா."

அத்தனை பேரும் அத்தனையும் பார்த்தார்கள், ஒருவருக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்த ஒரே ஆளுக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. துளசிமணியின் நோட்டிலும் 'மஞ்சள் நீலத்தை முந்தியது, தப்பாட்டம் இல்லை' என்றுதான் இருந்தது. அவர் கையில் மிஞ்சியது கடிகாரங்கள் மட்டுமே. ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் கையுறை மாட்டி, எந்தக் காரின் கடிகாரம் எத்தனை நிமிடம் எத்தனை நொடியில் நின்றிருக்கிறது என்று குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் திரும்பப் பத்து பத்துக்குக் கொண்டுவந்து வைப்பார். மஞ்சள் ஏழு நிமிடம் பன்னிரண்டு நொடி. நீலம் ஏழு நிமிடம் பதினாலு. அந்த இரண்டு நொடிக்குள் என்ன நடந்தது என்று நினைத்து நினைத்தே சோறு இறங்காமல் எழுந்துவிடுவார்.

இதற்குள் அவர் வீதிக்கே கொடி அசைக்கிற ஆளாகியிருந்தார். நாலரை ஆனதும் ஆட்கள் கேட்டருகே வந்து நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் செருப்பை மாட்டினால் "அண்ணன் கெளம்பீட்டாரு" என்று ஒருவர் சொல்ல, அது வீதி முழுக்க வாய் வாயாகப் போய்ச் சேரும். அவர் கண்ணாடியை மறந்துவிட்டுத் திரும்பி வந்தால் அத்தனை முகமும் சுண்டிப்போகும். ஐப்பசி மழையில் நாலு நாள் காய்ச்சலில் கிடந்தபோது நடந்ததைத்தான் அவரால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை. இரண்டு நாள் வீதி பொறுத்துப் பார்த்தது. மூன்றாம் நாள் ஆறு பேர் வந்து, மிகுந்த மரியாதையோடு, கம்பளியோடு சேர்த்து அவரைத் தூக்கி, ராக்கியப்பனின் இஸ்திரி வண்டியில் படுக்கவைத்து, மேலே தார்ப்பாய் கட்டி, பேக்கரி வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். மாத்திரையும் வெந்நீரும் கூடவே வந்தன. அன்றைக்கு யார் முந்தியது என்று சொல்லக்கூட ஒருவரும் வரவில்லை. மழை வலுத்துவிட்டதால் அரைமணி நேரம் தார்ப்பாய்க்கு அடியிலேயே கிடந்தார்.

கிடந்தபடியே ஒரு முடிவுக்கு வந்தார். காய்ச்சல் விட்ட மறுநாள் நாலரைக்கு ஆட்கள் வந்து பார்த்தபோது அவர் அலமாரிக்கு எதிரே நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் போகல," என்றார்.

அன்றைக்குப் போகவில்லை, அடுத்த நாளும் போகவில்லை, பத்து நாள் கேட்டைத் தாண்டவில்லை. வீதி தவித்துப்போயிற்று. ஒன்றாக நின்று பார்த்தவர்கள் எல்லாம் குப்பை வண்டிக்காகச் சண்டை போட்டார்கள். டாக்டரிடம் போன மூன்று பேருக்கு ரத்த அழுத்தம் கூடியிருந்தது. முறுக்கு சுட்டுக் கொண்டுவந்தார்கள், கெஞ்சினார்கள், ஒருவர் வாசலில் நின்று சாபமே விட்டார். துளசிமணி பூ வைப்பதை நிறுத்தினாள். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுத் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டாள். அதுதான் மருதாசலத்துக்கு அதிகமாகக் கோபத்தைக் கிளப்பியது.

"முப்பத்தொரு வருஷம், துளசி," என்றார் ஒருநாள். "ஒரு தடவை பாக்கோணும். ஒரே ஒரு தடவை. இது என்ன பெரிய ஆசையா?"

"நானா வேண்டாங்கறேன்?" என்றாள் அவள்.

பதினோராம் நாள் வீதிச் சங்கத் தலைவர் ஆறுக்குட்டி வந்தார். அவர் பத்திரப் பதிவு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எந்தத் தகராறும் ஒரு சொத்து யார் பேரில் இருக்கிறது என்பதில்தான் போய் நிற்கும் என்பது அவர் எண்ணம். கார்களை ஒருமுறை, கடிகாரங்களை ஒருமுறை, மருதாசலத்தை ஒருமுறை பார்த்தார்.

"ஓனரு முன்னாடி ஓடாதுங்க. அவ்வளவுதான் விஷயம்," என்றார். "உங்க பேருல இருக்கற வரைக்கும் நீங்க பாக்க முடியாது. பேரை மாத்துங்க. அம்மிணிக்கே குடுத்துருங்க. வீட்டுக்குள்ளயேதான இருக்கப் போகுது?"

"பத்திரம் போடோணுங்களா?"

"பத்திரமெல்லாம் மனுசனுக்கு. இதுக்கு அது பத்தாது. தாரை வார்த்துக் குடுங்க."

மருதாசலம் அன்றைக்கு முழுக்க யோசித்தார். முப்பத்தொரு வருடச் சொத்தை ஒரு கை தண்ணீரில் விடுவது அவருக்குச் சுலபமாக இல்லை. ஆனால் பார்க்காமல் வைத்திருப்பதைவிடக் கொடுத்துவிட்டுப் பார்த்ததாக இருக்கட்டும் என்று தேற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை காலை நல்ல நேரத்தில், வீதி முழுக்கக் கூடி நிற்க, பட்டர் சொம்பை நீட்ட, துளசிமணியின் கையில் ஒரு வெற்றிலையும் அதன்மேல் ஒரு காரும் வைத்துத் தண்ணீர் விட்டார். இந்தக் காரும் இந்தக் கடிகாரமும் இன்று முதல் உன்னுடையவை, எனக்கு இவற்றில் எந்தப் பாத்தியதையும் இல்லை என்று இருபத்திரண்டு தடவை சொன்னார். துளசிமணி ஒவ்வொன்றையும் வாங்கி முந்தானையால் ஈரத்தைத் துடைத்தாள். இந்தத் தடவை திட்டு விழவில்லை.

அன்று சாயங்காலம் மருதாசலத்துக்கு முன்வரிசை. நாலே முக்கால் ஆயிற்று. ஐந்தாயிற்று. ஒரு சக்கரமும் அசையவில்லை. வீதி எழுந்து, மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆறுக்குட்டியை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போயிற்று.

எல்லோரும் போன பிறகு துளசிமணி பரணை நிமிர்ந்து பார்த்தாள். "டப்பாவெல்லாம் எங்கீங்க?"

மருதாசலம் நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டார்.

"உங்களைத்தானுங்க கேக்கறேன்."

"டப்பா வேற, கார் வேற," என்றார் அவர். "காரைக் குடுத்தாச்சு. டப்பா சும்மா கெடக்குது. அதை எதுக்குக் கேக்கற?"

"பொண்ணைக் கட்டிக் குடுத்துட்டு அவ சர்டிபிகேட்டை மட்டும் பீரோல வெச்சுப் பூட்டிக்கிட்ட மாதிரி இருக்குதுங்க."

அவருக்குச் சுரீர் என்றது. நாளைக்கே இந்தப் பைத்தியமெல்லாம் தெளிந்து கார்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேர்ந்தால் டப்பாவாவது கையில் இருக்கட்டும் என்று அவர் நினைத்திருந்தது நிஜம். டப்பா யாரிடம் இருக்கிறதோ கார் அவனுடையதுதான் என்று சேகரிக்கிற எவனைக் கேட்டாலும் சொல்லுவான். அது அவர் ரத்தத்தில் ஊறிப்போனது, தெரிந்தேதான் மறைத்தார். ஸ்டூலைப் போட்டு ஏறினார். பாலிதீன் உறைகளைப் பிரித்தார், கற்பூர வாசனை வீடு முழுக்கப் பரவியது. நாற்பத்து நாலு டப்பாக்களையும் ஒவ்வொன்றாக இறக்கிக் கொடுத்தார். சொம்பு இல்லை, சமையலறைக் குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்து வந்து அவள் கையில் விட்டார். விட்டுவிட்டு டம்ளரைக் கொண்டுபோய்ச் சமையலறையில் கவிழ்த்தார்.

மறுநாள் வீதி அரை நம்பிக்கையோடுதான் வந்தது. ராக்கியப்பன் ஜன்னல் திண்டில் ஏறவே இல்லை. நாலே முக்கால். கார்கள் நின்றன. நாலு ஐம்பது. நின்றன. எல்லோரும் மருதாசலத்தைத் திரும்பிப் பார்த்தார்கள், அந்தப் பார்வையில் இன்னும் எதை ஒளித்து வைத்திருக்கிறாய் என்ற கேள்வி இருந்தது. அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருக்கிறதெல்லாம் கொடுத்தாகிவிட்டதே, இன்னும் என்ன வேண்டும் இந்தத் தகர வண்டிகளுக்கு, எல்லாவற்றையும் அள்ளி நொய்யல் ஆற்றில் போடுகிறேன் என்று கத்திக்கொண்டு அவர் எழுந்துவிட்டார். முப்பத்தொரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அவற்றைப் பற்றி அப்படி ஒரு சொல் வந்தது அதுதான் முதல் தடவை.

அப்போது துளசிமணி பேனாவை உள்ளே வைத்து நோட்டை மூடினாள். அவளுக்கு எப்போது புரிந்தது என்று தெரியவில்லை. ராத்திரி ஈரக் கையோடு டப்பாக்களை அடுக்கியபோதே புரிந்திருக்கலாம், ஏனென்றால் அன்றைக்கு அவள் பூ வைத்திருக்கவில்லை.

"இப்ப ஓனரு நானுங்க," என்றாள்.

ஆறுக்குட்டி தரையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய பதிவு ஆபீஸ் ஆளுக்கு இது தோன்றவில்லை.

"இரு துளசி," என்றார் மருதாசலம்.

"நீங்க உக்காருங்க. ஒரு தடவை பாக்கோணும்னீங்கல்ல, பாருங்க." அவள் செருப்பை மாட்டிக்கொண்டு, பின்னால் திரும்பாமல், கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். வீதியில் யாரோ பழக்க தோஷத்தில் "கெளம்பீட்டாரு" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் வீதி முனை திரும்பியிருக்க வேண்டும். இருபத்திரண்டு கடிகாரமும் ஒரே நேரத்தில் டிக்டிக்கென்று ஆரம்பித்தன, கார்கள் இறங்கின.

மருதாசலம் பார்த்தார். தையல் மிஷின் நாலைந்தை ஒன்றாக மிதித்தது போன்ற அந்தச் சத்தத்தைக் கேட்டார். கருகிய விளக்கெண்ணெய் வாசனை மூக்கில் ஏறியபோது, வாசனை வரும் என்று இத்தனை மாதத்தில் ஒரு பயலாவது சொன்னானா என்று அவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கிரைண்டர் வளைவில் கார்கள் வெளியிலிருந்து உள்ளே வந்துதான் திரும்பின. பின் சக்கரம் வழுக்கத்தான் செய்தது. வழுக்கிய இடத்தில் மொசைக்கில் கறுப்பாக மெல்லிய கோடு விழுந்து அடுத்த நொடியே மறைந்தது. பச்சைக் கார் சுவரில் உரசவில்லை, உரசுவதுபோல் போய்க் கடைசி நொடியில் ஒடித்துக்கொண்டது. துளசிமணி முதல் நாள் பார்த்ததற்கு அப்புறம் இத்தனை மாதத்தில் அது கற்றுக்கொண்டிருந்தது. சிவப்புக் கார் ஒன்று, முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் முதல் சம்பள உயர்வில் வாங்கியது, அவர் கால் கட்டைவிரலை ஒட்டி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரே அளவு இடைவெளி விட்டுப் போயிற்று. அவர் வாயில் கையை வைத்துக்கொண்டு அழுதார். ராக்கியப்பன் திண்டில் ஏறிவிட்டான். நாலாவது சுற்று, ஐந்தாவது, ஆறாவது. மஞ்சளும் நீலமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சாமி நேர்பாதையில் வந்தன. ஏழாவது முடிந்து எட்டாவது சுற்று தொடங்கியது. மஞ்சள் செருப்புச் சுரங்கத்துக்கு முன்னால் உள்பக்கமாக மூக்கை நுழைத்தது. ஹால் முழுக்க எழுந்து நின்று கத்தியது.

அந்தச் சத்தத்தை மருதாசலம் உள்ளேயிருந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அது வெளியே, வீதி முனையில், பேக்கரி மைக்கா மேஜைக்குப் பக்கத்தில் எப்படிக் கேட்கும் என்று இந்த உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் கதவைப் பார்த்தார். திரும்பக் கார்களைப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

"அண்ணா, எங்கீங்ணா போறீங்க?" ராக்கியப்பன் திண்டிலிருந்து அலறினான். "இன்னும் நாலு சுத்து இருக்குதுங்ணா!"

செருப்புப் போட மறந்து வெறுங்காலோடு ஓடினார். அவர் எதிர்பார்த்த இடத்திலேயே துளசிமணி நின்றுகொண்டிருந்தாள். கையில் கிளாஸ், அதில் ஆடை கட்டிய டீ, கழுத்து வீதிப் பக்கம். அவரைப் பார்த்ததும் அவள் முகம் முதலில் பயந்தது.

"என்னுங்க, நின்னுருச்சுங்களா?"

"இல்ல. ஓடிட்டுத்தான் இருக்குது."

"அப்பறம் எதுக்கு வந்தீங்க?"

"சும்மாதான்."

"சும்மாவா?" துளசிமணி கிளாஸை டக்கென்று மேஜையில் வைத்தாள். "பாக்கோணும் பாக்கோணும்னு இத்தனை மாசம் என் உசுரை எடுத்துப்போட்டு, ஊரையே முடக்கி உக்காந்து, இப்ப சும்மா வந்தீங்களா? நான் எதுக்குங்க அப்பறம் இங்க வந்து நிக்கறேன்? எனக்கென்ன வேண்டுதலா?" கோபத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "போங்க. ஓடுங்க. இன்னும் மூணு சுத்தாவது மிச்சம் இருக்கும். போங்கன்னா!"

அவர் போகவில்லை. வெறுங்காலில் குத்திய கல்லை மேஜைக் காலில் தேய்த்து உதறினார். அப்போது வீட்டுப் பக்கமிருந்து மறுபடி ஒரு இரைச்சல் எழுந்தது, முன்னதைவிடப் பெரிது. இரண்டு பேர் கழுத்தும் ஒரே நேரத்தில் திரும்பியது.

"யாரு முன்னாடி போறது?" என்றாள் துளசிமணி. கோபம் இன்னும் குரலில் இருந்தது.

"நான் கெளம்பறப்ப மஞ்சள் உள்பக்கமா மூக்கை விட்டுட்டு இருந்துச்சு. சுரங்கத்துக்கு முன்னால. நீலம் வழியே விடல, இவ்வளவு சந்துதான் இருந்துச்சு." இரண்டு விரலை நெருக்கிக் காட்டினார். "முன் சக்கரம் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி..."

"ம், ஒட்டி?"

"அப்பறம் தெரியல. நான் வந்துட்டேன்."

"ச்சே!" என்று துளசிமணி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

பேக்கரிக்காரர் கேட்காமலேயே இன்னொரு டீயைக் கொண்டுவந்து வைத்தார். அதை இரண்டு பேரும் தொடவில்லை. எட்டி எட்டிப் பார்த்தார்கள்; இங்கிருந்து அடுத்த வீட்டு முருங்கை மரம்தான் தெரிந்தது. உள்ளே யாரோ ஜெயித்துவிட்டார்கள் போலிருந்தது. அது யார் என்று சொல்ல ஆள் வர இன்னும் ஐந்து நிமிடமாவது ஆகும்.